பாக்கெட்டுக்கு ஒன்றை எரிப்பவர்

எங்கள் கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அக்காவின் இடுப்பில் எப்போதும் ஒரு தீப்பெட்டி செருகியிருக்கும். மெட்ராஸிலிருந்து நைலான் ஸ்க்ரூ வந்து இறங்கியதும் பாக்கெட்டுக்கு ஒன்றை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துவார். அது உருகிச் சொட்டும்போது ஈர்க்குச்சியால் தொட்டு இழுப்பார். சிலந்தி நூல் மாதிரி ஓர் இழை வரும். பிறகு ஊதி அணைத்து, புகையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

"முடி பொசுங்குற நாத்தம் வந்தா நெசம். மெழுகுவத்தி வாசம் வந்தா பொய்யி" என்பார்.

அவர் காதில் விழாதபடி நாங்கள் அவரை டெஸ்ட் அக்கா என்போம். நேரில் வெறும் அக்காதான்.

காரைக்காலில், கடற்கரைக்குப் போகிற சாலையில், பழைய அரிசி கோடவுன் ஒன்றில் நடந்த சின்னக் கம்பெனி அது. டிவிக்கும் பிரிட்ஜுக்கும் ஸ்டெபிலைசர் பூட்டுகிற வேலை. எண்பதுகளின் தொடக்கம். டவுனில் வசதியுள்ளவர்கள் சிலோன் டிவிப் படம் தெரிய வேண்டுமென்று தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டிருந்தார்கள். சாயங்காலம் சுற்றுவட்டார வயல்களில் மோட்டார் ஓடத் தொடங்கினால் டவுனில் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் எங்கள் பெட்டிக்கு நல்ல ஓட்டம். பதினோரு பெண்கள் வேலை பார்த்தோம். நான் விழிதியூரிலிருந்து பஸ்ஸில் வருவேன்.

சேர்ந்த முதல் நாள் அக்கா என் உள்ளங்கையில் மூன்று வெள்ளை ஸ்க்ரூக்களை வைத்தார்.

"இதுல எது நைலான், சொல்லு."

மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தேன். வளைத்துப் பார்த்தேன். ஒன்று பட்டென்று ஒடிந்தது. ஒன்று வழவழவென்று மெழுகு போல இருந்தது. மிச்சமிருந்ததை நீட்டினேன்.

"எப்புடிச் சொல்ற?"

"தெரியலக்கா. மத்த ரெண்டு மேலயும் சந்தேகமா இருந்துச்சு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பு என்றால் உதட்டின் ஓரம் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

ஸ்க்ரூவுக்கு ஏன் இத்தனை கவலை என்று வீட்டில் கேட்டார்கள். ஸ்டெபிலைசருக்குள் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். அதன் உலோக உடம்பிலேயே கரண்டு ஓடும். சூடு தணிவதற்காக அதை அலுமினியத் தகட்டில் பூட்ட வேண்டும், ஆனால் அந்தக் கரண்டு தகட்டுக்கு வந்துவிடக் கூடாது. அதனால் நடுவில் ஒரு மைக்கா தாள், பூட்டுவதற்கு நைலான் ஸ்க்ரூ. கைக்குக் கிடைத்தது என்று அங்கே ஓர் இரும்பு ஸ்க்ரூவைப் போட்டால், பெட்டியைத் தொடுகிறவர்களுக்கு ஷாக் அடிக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் நைலான் போடவும் அக்கா விடமாட்டார். டிரான்ஸ்பார்மர் கனமானது. அதைப் பிடிக்க இரும்பு போல்ட்தான். "கனத்தத் தாங்குறதுக்கு இரும்பு. கரண்டத் தடுக்குறதுக்கு நைலான். ஒன்னோட வேலைய இன்னொன்னு தலையில கட்டாத" என்பார். இறுக்குவதற்கும் கணக்கு வைத்திருந்தார். விரலால் திருகி நின்றதும் திருப்புளியில் கால் சுற்று, அதற்கு மேல் போனால் மரை வழித்துக்கொள்ளும். புது ஸ்க்ரூ மொறுமொறுவென்று இருக்கும், தலை தெறித்துவிடும் என்று சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் போட்டு எடுப்பார். ஈரம் ஏறினால் நைலான் பதமாகும். புதிதாக வந்த பெண்கள் அதை ஸ்க்ரூ ரசம் என்று கேலி செய்தார்கள்.

ஒரு தடவை முதலாளியின் மச்சான் எங்கோ மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பெட்டி நிறைய ஸ்க்ரூ கொண்டுவந்தார். பாக்கெட் பாக்கெட்டாக, நைலான் என்று அச்சடித்து, பார்க்க லட்சணமாக இருந்தது. அக்கா ஒன்றை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டார். மிதந்தது.

"நைலான் முழுவும். இது மெதக்குது" என்றார்.

"மெதந்தா என்னங்க? நாம என்ன கெணத்துக்குள்ளயா பூட்டப் போறோம்?" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தோம்.

அக்கா அந்த ஸ்க்ரூவைப் போட்டு ஒரு பெட்டியைப் பூட்டினார். இஸ்திரிப் பெட்டியை அதில் மாட்டிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடவிட்டார். ஐந்து மணிக்கு மூடியைத் திறந்து முதலாளியைக் கூப்பிட்டார். சூட்டில் ஸ்க்ரூ இளகி, டிரான்சிஸ்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"பல்லு ஆடுற மாதிரி ஆடுது, தொட்டுப் பாருங்க."

பெட்டியோடு எல்லாம் திரும்பிப் போனது. அன்றிலிருந்து அக்கா ஒன்றைச் சந்தேகப்பட்டால் அதில் விஷயம் இருக்கும் என்று நான் நம்பத் தொடங்கினேன். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிக்கல் என்னவென்றால் அவர் ஸ்க்ரூவோடு நிறுத்தவில்லை. மாதா கோயிலுக்கு வாங்குகிற மெழுகுவர்த்தியை முகர்ந்து பார்ப்பார். கம்பெனிச் சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் கொம்யூன் என்று நாங்கள் சொல்லும் முனிசிபாலிட்டி ஆபீஸ் சங்கு ஊதும்போது சரிபார்ப்பார். நாங்கள் டீ வாங்கிக் கொடுத்தால், கொடுத்தவள் முதல் வாய் குடிக்கும் வரை காத்திருப்பார். நாங்கள் பூட்டிய பெட்டிகளை எல்லாம் திரும்பத் திறந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் விரலால் நெருடிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். அதற்காகவே சாயங்காலம் ஒரு மணி நேரம் தங்குவார்.

ஒரு சமயம் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் லீவு. மூன்றாம் நாள் மதியம் எங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றார், கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு. அம்மா பதறிப்போய் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நேரே என் பாய்க்கு வந்து, ஒரு கையை என் நெற்றியிலும் இன்னொரு கையைத் தன் நெற்றியிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"காய்ச்சல்தான்" என்றார், அம்மாவைப் பார்த்து. பழத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

"இவ ஒன்னப் பாக்க வந்தாளா, ஒன் காய்ச்சலப் பாக்க வந்தாளா?" என்றாள் அம்மா.

அவருடைய சொந்தக் கதை யாருக்கும் சரியாகத் தெரியாது. மெட்ராஸில் ஒரு ரேடியோ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பது மட்டும் நிச்சயம். புருசன் பிரான்சில் இருப்பதாக ஒருத்தி சொல்வாள், செத்துப்போய்விட்டதாக இன்னொருத்தி. யாரோ பெரிதாக ஏமாற்றியிருக்கிறார்கள், அதனால்தான் இப்படி என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நான் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"காரணம் என்னத்துக்கு? ஸ்க்ரூ நைலானா இல்லியான்னு பாக்குறதுக்கு ஒருத்தன் ஏமாத்தியிருக்கணுமா?" என்றார்.

எண்பத்து நான்கில் எனக்குத் திருநள்ளாற்றிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. பெண் பார்க்க வந்தவர் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது எங்கள் மீட்டர் பெட்டி அருகே நின்று, "எர்த் வயர் அந்து கெடக்குங்க. சீக்கிரம் மாத்திருங்க" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. நிச்சயம் செய்தார்கள்.

அக்காவிடம் சொன்னேன். "அவன் வேலையப் பாத்தியா? மூஞ்சிய மட்டும் பாத்திருப்ப" என்றார். அடுத்த வாரம் இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அவர் லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை. திரும்பி வந்த அன்று மதியம் என்னை ஸ்டோருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜைமேல் பழைய சேலையில் சுற்றிய ஒரு ரேடியோ இருந்தது.

"எங்க வூட்டு ரேடியோ. நானே ஒரு வயரக் கழட்டி வுட்டுட்டு ஒன் மாப்புள்ள கடையில ரிப்பேருக்குப் போட்டேன். யாரு என்னன்னு சொல்லிக்கல."

"ஏன்க்கா இப்புடிச் செஞ்சீங்க?"

"பொண்ணக் குடுக்குறதுக்கு முன்னாடி பாக்க வேணாமா?"

அது பழைய வால்வு ரேடியோ. அந்த மாதிரி ரேடியோவில் உள்ளே இருக்கிற தகரச் சட்டத்திலேயே கரண்டு இருக்கும். பின்பக்க அட்டையைப் பிடிக்கிற நான்கு ஸ்க்ரூக்கள் அந்தச் சட்டத்தில் போய்ப் பூட்டும். அட்டைக்கு என்ன கனம்? அதனால் நான்கிலும் அக்கா நைலான் போட்டு வைத்திருந்தார். இப்போது மூன்று வெள்ளையாக இருந்தன. நான்காவது இரும்பு, பளபளவென்று.

அக்கா பிளக்கைச் செருகி, இரும்பு ஸ்க்ரூவின் தலையில் டெஸ்டரை வைத்தார். ஒன்றும் எரியவில்லை. இரண்டு கால் பிளக்கைப் பிடுங்கித் தலைமாற்றிச் செருகினார். டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

"தூசி தொடைக்கறப்ப கை பட்டா போச்சு. தெரியாம போட்டானா, தெரிஞ்சே போட்டானா? தெரியாமன்னா வேல தெரியாதவன். தெரிஞ்சேன்னா..."

பிளக்கைப் பிடுங்கினார்.

வீட்டில் சொன்னபோது அம்மா கோபத்தில் ஆடிவிட்டாள். "ஸ்க்ரூவ பாக்கெட்டுக்கு ஒன்னு எரிச்சுப் பாக்கலாம். ஊருக்கு ஒரு மாப்புள்ளய எரிச்சுப் பாப்பாளாமா அவ? இதுல அவளுக்கு என்ன வந்துச்சு?" அப்பா, "நீ என்னம்மா சொல்ற?" என்று என்னைக் கேட்டார். இரண்டு நாள் டைம் கேட்டேன்.

அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று பொய் சொல்லி அக்காவிடம் ரேடியோவை வாங்கினேன். அரை நாள் லீவு போட்டுத் திருநள்ளாற்றுக்கு பஸ் ஏறினேன். நிச்சயமான பெண் தனியாக மாப்பிள்ளை கடைக்குப் போவது அப்போது சின்ன விஷயம் இல்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் அவர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். நான் ரேடியோவை வைத்து, "இது எங்க கம்பெனி அக்காவோடது. இந்த ஸ்க்ரூ நீங்க போட்டதா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஆமாங்க. நைலான் மரை போயிருந்துச்சு. கைவசம் வேற இல்ல. அதான் இரும்பு போட்டு, அது மேல டேப் ஒட்டி, 'கரண்டு இருக்கும், தொடாதீங்க, நைலான் வந்ததும் மாத்தித் தர்றேன்'னு சீட்டும் ஒட்டினேன். நான் வெளியில போயிருந்தப்ப எங்கப்பா எடுத்துக் குடுத்துட்டாங்க. சீட்டு இல்லியா?"

"இல்ல."

"பஸ்ல உரசிப் போயிருக்கும்" என்றார் சாதாரணமாக. விரலால் தடவி, "இந்தாங்க, பசை இருக்கு பாருங்க" என்றார். தொட்டுப் பார்த்தேன். லேசாக ஒட்டியது. பசைதான். ஆனால் அந்த அட்டையில் எத்தனையோ வருடத்துப் பிசுக்கும் இருந்தது.

"நேத்துதான் நைலான் வந்துச்சு. மாத்திடுறேன்" என்று டிராயரைத் திறந்து புதுப் பாக்கெட்டைப் பிரித்தார். நேற்றுத்தான் வந்ததா, நான் கேட்பேன் என்று வாங்கி வைத்ததா? எனக்கு அக்காவின் கண் வந்துவிட்டது. அவர் பூட்டும்போது கையைப் பார்த்தேன். விரலால் திருகி, நின்றதும் திருப்புளியில் கால் சுற்று. இன்னொரு ஸ்க்ரூ கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வீட்டுக் கொல்லையில் அதை எரித்துப் பார்த்தேன். முடி பொசுங்குகிற நாற்றம்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "அந்த ஸ்க்ரூ மேல டேப்பும் சீட்டும் இருந்துச்சாமே?"

"எந்தச் சீட்டு?" என்றார் அக்கா. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நான் திருநள்ளாற்றுக்குப் போய்வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆக, இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். ஒருவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும், அவர் சந்தேகம் பொய்த்து நான் பார்த்ததில்லை. இன்னொருவரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இருந்தும் அப்பாவிடம் சரி என்று சொன்னேன். பாதி நம்பித்தான் சொன்னேன். மீதிப் பாதி என்னோடு கல்யாணத்துக்கு வந்தது.

அக்காவும் கல்யாணத்துக்கு வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டேன். புருசனோடு கடையில் உட்கார ஆரம்பித்தேன். அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து, ரிப்பேர் முடிந்த பெட்டிகளைத் திறந்து பார்ப்பேன். எங்கே எந்த ஸ்க்ரூ என்று நெருடுவேன். மாற்றிய இடத்திலெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கும். அது ஆறுதலாக இருக்காது. நான் வந்து கேட்ட பிறகு தொடங்கிய பழக்கமாக இருந்தால்? ஒரு தடவை, "திருப்புளி எடம் மாறிக் கெடக்கே" என்றார். நான் தூசி துடைத்தேன் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை அவர். எதையும் கேட்காத மனிதர். அதுவே சில நாள் எனக்குச் சந்தேகமாக இருந்தது. இப்படி மூன்று வருடம்.

எண்பத்தேழில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு மீனவர் பழைய வால்வு ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் சாமான் வாங்க நாகப்பட்டினம் போயிருந்தார். ரேடியோவைத் திருப்பினேன். பின் அட்டையின் மூலையில் ஒரு ஸ்க்ரூவின் மேல் டேப், டேப்பின் மேல் மஞ்சளாகிப்போன ஒரு சீட்டு. என் வீட்டுக்காரர் கையெழுத்து. நைலான் இல்லாததால் இரும்பு போட்டிருக்கிறது, கரண்டு இருக்கும், தொடாதீர்கள், வந்ததும் மாற்றித் தரப்படும். கீழே தேதி. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடத்துத் தேதி.

"மாத்த வரவே இல்லியா நீங்க?" என்றேன்.

"தொடாதன்னு எழுதிருக்குன்னு எம்பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. நானும் தொடல. பாட்டு பாடிக்கிட்டுதான இருந்துச்சு" என்றார் அவர்.

கடையைச் சாத்திவிட்டுக் காரைக்கால் பஸ் ஏறினேன். கம்பெனியை அதற்குள் மூடிவிட்டார்கள். அக்கா மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனியாக இருந்தார். முறத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். வா என்று சொல்லிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார்.

"அக்கா, அந்த ரேடியோவுல சீட்டு இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு."

"டேப்பு?"

"அதுவும்."

இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருடத்தில் எப்போது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது.

"ஏன்க்கா கிழிச்சீங்க?"

கத்தி நின்றது. "சாயந்தரம் எல்லாப் பொட்டியையும் தொறந்து பாப்பேனே, தெரியும்ல? ஒன் பொட்டிய மட்டும் தொறக்க மாட்டேன். நீ வந்த ஆறாம் மாசத்துலேந்து தொறக்கல. நீ பூட்டுனா சரியா இருக்கும். அத்தன வருசத்துல நான் பாக்காம வுட்டது ஒன் வேலைய மட்டுந்தான்" என்றார். "நீ என்ன வுட்டுட்டுப் போயிடுவேன்னு இருந்துச்சு. அவன் வேலையும் சுத்தமாத்தான் இருந்துச்சு. குத்தம் சொல்றதுக்கு வேற ஒன்னும் கெடைக்கல."

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்குவதற்கு முன்னால் அவரே ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினார். திட்டுவதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் குடித்துக் காட்டியதைப் பார்த்ததும் திட்டத் தோன்றவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்சக் கொத்தவரங்காயை நறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அக்கா இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னார், "நல்ல மனுசி. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க ரேடியோவத்தான ஒன்கிட்ட குடுத்தனுப்பினாங்க? அந்தச் சீட்டு எங்கதான் போச்சோ."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அது தெரிகிற வரைக்கும் மூன்று வருடம் நான் யாரை நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்று வரை சொல்லவில்லை.